பழையபடி

வீரபாண்டிப் பிரிவுக்கு மேக்கால
எங்கள் சாயப்பட்டறை லேபில்
ஒரே கம்ப்யூட்டர், ரெண்டு ஷிப்ட்.
லைசென்ஸ் காசுக்கு ஓனர் கையை விரித்த வருசம்
ஈரோட்டுப் பையன் ஒருத்தன் வந்து
லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.
பாஸ்வேர்டும் ஒன்றுதான்:
பட்டறைப் பேரும் பாய்லர் வாங்கின வருசமும்.

பகலுக்கு சௌடேஸ்வரி. ராத்திரிக்கு நான்.
எட்டு மணிக்கு அவர் ஸ்கூட்டி உள்ளே நுழையும்போது
நான் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இருப்பேன்.
பேசினது குறைவு. ஆனால்
அவருக்குப் பிடித்த எழுத்தின் அளவு எனக்குத் தெரியும்.

நான் கறுப்பாக்கி வைப்பேன்.
விடியக்காலம் மூணு மணிக்கு
வெள்ளை ஜன்னல் கண்ணில் சுண்ணாம்பு தடவும்.
பொழுதோட வந்தால் மறுபடி வெள்ளை,
ஓரத்தில் இளம்பச்சை, ஃபோல்டரெல்லாம்
வாழைக்குருத்தை மடித்து வைத்தாற்போல.
மாற்றுவேன். மாற்றுவார்.
ரெண்டு வருசமாக இதே சண்டை,
ஒரு வார்த்தை தடிக்காமல்.

அம்பு மட்டும், அந்த மவுஸ் அம்பு,
அவர் வைத்த பெருசு. நான் தொடவில்லை.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாதுங்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
மூணாம் நம்பர் மெஷினில் எட்டு மணிநேரம் ஓடுகிற லாட்.
கை சும்மா இருக்கவில்லை. புதுசாக ஒரு தீம் இறக்கினேன்,
பேரில் ஏதோ பனி, ஏதோ மலை.
போட்டதும்
கீழே இருந்த பட்டை போச்சு.
மெனு போச்சு.
வெள்ளையின்மேல் வெள்ளையாய் எழுத்து.
எது 'சரி' எது 'ரத்து' என்று தெரியாத ரெண்டு பொத்தான்.
'ரத்து' என்று நினைத்ததை அமுக்கினேன்.
அது 'சரி'.

மூணு விசையைச் சேர்த்து அமுக்கினால்
படமெல்லாம் அக்கட்டால ஒதுங்கி
கறுப்பில் வெறும் எழுத்து வரும்.
ஈரோட்டுப் பையன் சொன்னது நினைப்பிருந்தது.
புள்ளியில் தொடங்கும் பேர்கள்,
கண்ணில் படாமல் குடியிருக்கிற ஃபோல்டர்கள்.
அதில் ஒன்றை அழித்தேன்.
அழிக்காமல் பேர் மாற்றி வைத்திருக்கலாம்.
அது காலையில் தோன்றின புத்தி.

திரும்பி வந்தது
ஆளில்லாத நீலம்.
நடுவே ஒரு எலிப் படம்.
என் கறுப்பும் இல்லை, அவர் பச்சையும் இல்லை.
அம்பு கடுகளவு.

துணிக்கு இப்படி இல்லை.
ஷேடு தப்பினால் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் விட்டு
ஏற்றின சாயத்தை இறக்குவோம்.
இறங்கும். துணி இளைத்துவிடும்,
விரலால் குத்தினால் தெரியும்.
கோராவாக வந்த நாளுக்கு அது திரும்பாது.
கடைசியில் கறுப்புக்குப் போடுவோம்.
ஒரு கறுப்புப் பனியனுக்குள்
எந்த ரோஸ், எந்த ஆரஞ்சு செத்துக் கிடக்கிறதென்று
போட்டுத் திரிகிறவருக்குத் தெரியாது.

எட்டு மணி. டீக்கடைக்குப் போகவில்லை.
நின்றேன்.
"உங்க பச்சை போயிருச்சுங்" என்றேன்.
திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"லாட் சரியா வந்துச்சுங்களா?"
"வந்துச்சுங்."
"அப்பறமென்னங்" என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

பொழுதோட வந்தேன். நீலம் அப்படியே.
எலி அப்படியே.
அடுத்த நாளும். நானும் தொடவில்லை,
யார் முதலில் என்று ஒரு கூச்சமோ வீம்போ.
லைட் பாக்ஸில் ஒரே துண்டு
பகல் வெளிச்சத்தில் ஒன்று, கடை வெளிச்சத்தில் வேறொன்று,
அதைப் பார்த்து எழுதுகிற திரை மட்டும்
எந்நேரமும் ஒன்று.
பதினோரு நாள்
இருவருக்கும் பிடிக்காத நீலத்தில் ரெசிப்பி அடித்தோம்.

பன்னிரண்டாம் நாள்
அம்பு மட்டும் பெருசாகியிருந்தது.

மூணாம் நம்பர் மெஷினில் மணி அடித்தது.
எழுந்து போகுமுன்
செட்டிங்ஸைத் திறந்தேன்.